பைத்தான் வந்துவிட்டது, அடுத்து எது? ஒரு சனிக்கிழமைச் சம்பளக் கணக்கில் ஐந்து மொழிகள்

போர்வெல்லுக்கு மோட்டார் எடுக்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது எத்தனை அடி, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, லைன் சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்றுதான். எச்.பி. பேச்சு அதற்கப்புறம். பைத்தான் ஓரளவு கைக்கு வந்தவர்கள் அடுத்த மொழி தேடும்போது நேராக எச்.பி.யில் ஆரம்பித்துவிடுகிறார்கள். எது வேகம், எதற்குச் சம்பளம் அதிகம், எது கஷ்டமோ அதுதான் உசத்தியா? நிரல் எந்த எந்திரத்தில் ஓடப்போகிறது, அது தப்பாகப் போனால் உங்களுக்கு எப்படித் தெரியவரும் என்ற இரண்டையும் முதலில் கேட்டால் பாதி மொழிகள் தானாகக் கழன்றுவிடும்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் என்று படித்துவிட்டே கல்லூரிக்கு வருகிறார்கள். அவர்களில் பலருக்கு இது புது ஊருக்குப் போவதில்லை, பாதியில் விட்ட ஊருக்குத் திரும்பிப் போவது. ஆனாலும் மாறுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. நான்கைந்து ஃபைல்களாகப் பிரித்த, 400, 500 வரி பைத்தான் நிரல் ஒன்றைத் தனியாக எழுதியிருக்கிறீர்களா? எரர் வந்தால் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக் காரணம் கண்டுபிடிக்க வருகிறதா? நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் பழகியாயிற்றா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் மேலே படியுங்கள். இல்லையென்றால் இன்னும் இரண்டு மாதம் பைத்தானிலேயே இருப்பது லாபம்.

## எதை வைத்து அளப்பது

எல்லா மொழிக்கும் ஒரே கணக்கைக் கொடுத்துப் பார்ப்போம். திருப்பூர் பனியன் யூனிட் ஒன்றின் வாரச் சம்பளம். உள்ளே வருவது டோக்கன் நம்பர், பெயர், வேலை (ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங்), பீஸ் எண்ணிக்கை. பக்கத்தில் ஒரு பீஸ் ரேட் பட்டியல். வெளியே வர வேண்டியது ஆளுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு. ரேட்டை ரூபாயில் வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொள்கிறோம். 2.35 ரூபாய் என்பது 235. ஃப்ளோட் எனும் தசமப் புள்ளி எண்ணில் பணம் வைத்தால் எந்த மொழியிலும் பைசா ஒழுகும்.

இந்தச் சின்ன நிரலில் நான்கு இடங்களில் மொழிகளின் குணம் வெளிப்படும். ரேட் பட்டியலில் இல்லாத வேலை ஒன்று வந்தால் என்ன ஆகிறது? மொத்தம் பெரிதானால் எண் தாங்குமா? தமிழ்ப் பெயரை எப்படி எண்ணுகிறது? முடிந்த நிரலை யூனிட் ஆபீஸ் கணினிக்கு எப்படிக் கொண்டுபோவது?

| மொழி | ரேட் இல்லாத வேலை | 'பெருந்துறை' நீளம் | முழு எண் | அடுத்தவர் கணினிக்கு |
|---|---|---|---|---|
| பைத்தான் | கீ எரர், நின்றுவிடும் | 10 | எல்லை இல்லை | பைத்தானும் நூலகங்களும் வேண்டும் |
| ஜாவா | 'நல்' (null, ஒன்றுமில்லை) வரும். கணக்கிடும்போது நின்றுவிடும் | 10 | இன்ட் 214 கோடிக்கு மேல் மைனஸுக்குத் திரும்பும் | ஜாவாவும் ஜார் ஃபைலும் |
| சி++ | சதுர அடைப்பில் கேட்டால் சத்தமில்லாமல் 0 | 30 | எல்லை மீறினால் என்ன ஆகும் என்று உத்தரவாதம் இல்லை | ஒவ்வொரு ஓ.எஸ்.ஸுக்கும் தனி பில்ட் |
| கோலாங் | சத்தமில்லாமல் 0 | 30 | 64 பிட்; மீறினால் சத்தமில்லாமல் திரும்பும் | ஒரே ஃபைல் |
| ரஸ்ட் | 'கெட்' கொண்டு கேட்டால் இல்லாத நிலைக்கும் பதில் எழுத வைக்கும் | 30 | சோதனைக்கான டீபக் பில்டில் நின்றுவிடும், வெளியே கொடுக்கும் ரிலீஸ் பில்டில் திரும்பும் | ஒரே ஃபைல் |

நடுவில் உள்ள நீளக் கணக்கைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஐந்து (பெ, ரு, ந், து, றை). ப, ர மாதிரியான அடிப்படை எழுத்தும் அதனோடு சேரும் குறியும் யூனிகோடில் தனித்தனி என்பதால் பைத்தானும் ஜாவாவும் 10 என்கின்றன. ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் மற்றவை 30 என்கின்றன. சம்பளச் சீட்டில் பெயருக்கு 20 இடம் ஒதுக்கி மீதியை வெட்டினால், கோலாங்கில் எழுத்தின் நடுவயிற்றில் கத்தி விழுந்து கேள்விக்குறி அச்சாகும். ரஸ்டில் அப்படி வெட்டினால் நிரலே நின்றுவிடும். ஆங்கிலப் பெயரை மட்டும் போட்டுச் சோதித்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

## ஜாவா

1995-இல் வந்த மொழி. கோவையில் சரவணம்பட்டி, கீரணத்தம், பீளமேடு பக்க ஐ.டி. வேலைதான் குறி என்றால் வேறு யோசனை அதிகம் தேவையில்லை. வங்கி, காப்பீடு, பெரிய வணிக நிறுவனங்களின் சர்வர் நிரல்கள் ஏராளமாக ஜாவாவில் இருக்கின்றன. அவற்றைப் பராமரிக்க ஆள் எடுப்பது நிற்பதில்லை. பைத்தானிலிருந்து வருகிறவருக்கு முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், ஒரு வரி அச்சடிக்க ஒரு கிளாஸ் வேண்டுமா என்று. அந்த எரிச்சல் பத்து நாளில் போய்விடும். போகாதவை வேறு.

நம் சம்பளக் கணக்கில் டோக்கன் நம்பரை டிக்‌ஷனரி மாதிரியான ஹாஷ்மேப்பில் வைக்க இன்ட் போதாது, 'இன்டிஜர்' என்ற பொருளாக வைக்க வேண்டும். இரண்டு இன்டிஜர்களை == போட்டு ஒப்பிட்டால் எண் சமமா என்று பார்க்காது, நினைவகத்தில் ஒரே பொருளா என்று பார்க்கும். ஆனால் ஜாவா -128 முதல் 127 வரையுள்ள எண்களை முன்கூட்டியே செய்து வைத்து, அதே பொருளைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறது. விளைவு, 127 டோக்கன் வரை எல்லாம் சரியாக நடக்கும். 128-ஆவது ஆள் வேலைக்குச் சேர்ந்த வாரம் அவருக்கு மட்டும் சம்பளம் வராது. ஸ்ட்ரிங்குகளுக்கும் இதே வியாதிதான். மருந்து, == க்குப் பதில் 'ஈக்வல்ஸ்'.

அடுத்தது மொத்தம். பைசாவில் வைத்திருக்கிறோம். இன்ட் தாங்குவது 2,14,74,83,647 பைசா, அதாவது 2 கோடியே 14 லட்சத்துச் சொச்சம் ரூபாய். வாரக் கணக்கு அதைத் தொடாது, வருடக் கணக்கு தொடும். தொட்டால் எரர் வராது, மைனஸ் தொகை வரும். பைத்தானில் எண்ணுக்கு எல்லையே இல்லை என்பதால் இந்த எச்சரிக்கை உணர்வு நமக்கு வளர்ந்திருக்காது. பணம் என்றால் 'லாங்' என்று பழகிக்கொள்ள வேண்டும்.

மறைமுகச் செலவு லேப்டாப்பில் இருக்கிறது. எடிட்டர், ஸ்பிரிங் பூட் (ஜாவா சர்வர் நிரல் எழுத உதவும் சட்டகம்), டேட்டாபேஸ், நாலு குரோம் டேப் எல்லாம் சேர்ந்தால் 8 ஜி.பி. ரேம் முக்கும், 16 ஜி.பி.க்குப் பணம் ஒதுக்குங்கள். இன்னொரு செலவு பதிப்பு. நீண்டகால ஆதரவுள்ளவை 8, 11, 17, 21, 25. நீங்கள் 21-இல் படித்துவிட்டுப் போகும் இடத்தில் 8-இல் எழுதிய நிரல் காத்திருக்கலாம். 17-ஐ அடிப்படையாக வைத்துப் படித்தால் இரண்டு பக்கமும் எட்டும். ஸ்பிரிங்கை முதல் வாரமே திறக்காதீர்கள். அது செய்யும் மாயம் புரிய அன்னோடேஷன், இன்டர்ஃபேஸ் இரண்டும் தெரிய வேண்டும், அதற்கு ஆறு வாரம் வெறும் ஜாவா போதும். ஆண்ட்ராய்டு ஆசையில் ஜாவா பக்கம் வருகிறவர்கள் நேராகக் காட்லினுக்குப் போய்விடலாம். கூகுள் 2019 முதல் அதைத்தான் முன்னிறுத்துகிறது.

## சி, சி++

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம், ஆனால் இந்தப் பக்கத்தில் அவை இரண்டு வேறு தொழில்கள்.

சி போர்டுக்கு, அதாவது எந்திரங்களை இயக்கும் சின்ன மின்னணு போர்டுக்கு. கோவையைச் சுற்றி பம்ப், மோட்டார், பேனல் போர்டு செய்கிற பட்டறைகள் நிறைந்திருக்கின்றன. தோட்டத்து மோட்டாரை ஃபோனிலிருந்து போடும் மொபைல் ஸ்டார்ட்டர், தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பு, நாமக்கல் கோழிப் பண்ணைக்கான வெப்பநிலைக் கட்டுப்பாடு மாதிரியான சின்ன போர்டுகளில் சி தான் ஓடுகிறது. இந்தத் தொழில் உங்களை இழுக்கிறதென்றால் மற்ற மொழிகளை ஆராய்வது வீண் வேலை.

பைத்தான்காரருக்கு அதிர்ச்சி அளவில் வரும். அர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏ.டி.மெகா328பி சிப்பில் நிரலுக்கு 32 கே.பி., ஓடும்போது பயன்படுத்த வெறும் 2 கே.பி. 'மோட்டார் ஓடுகிறது' என்ற தமிழ்ச் செய்தி 49 பைட், முடிவுக்குறியோடு 50. இப்படி நாற்பது செய்தி எழுதினால் 2,000 பைட் போய்விட்டது. இந்தச் சிப்பில் மேற்கோளுக்குள் எழுதும் சொற்கள் தனியாகச் சொல்லாவிட்டால் ஓடும் நினைவகத்தில்தான் வந்து உட்காரும். அப்புறம் போர்டு காரணமில்லாமல் ரீசெட் ஆகும், காரணம் எங்கும் அச்சாகாது.

இன்னொன்று, கரண்ட் வந்ததும் ஒரு நிமிடம் பொறுத்து மோட்டாரைப் போட வேண்டும். '60 * 1000' மில்லிசெகண்ட் என்று எழுதுகிறோம். இந்தச் சிப்பில் இன்ட் 16 பிட், உச்சம் 32,767. பெருக்கினால் 60,000 வராது, -5,536 வரும். அதை மில்லிஸ் (போர்டு ஓட ஆரம்பித்ததிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட்) கணக்கோடு ஒப்பிடும்போது அந்த மைனஸ் எண் குறியில்லாத 32 பிட் எண்ணாக மாறி 429 கோடியைத் தாண்டும். மோட்டார் ஒரு நிமிடத்துக்குப் பதில் 49 நாளுக்கு மேல் காத்திருக்கும். 60-க்குப் பின்னால் 'யு.எல்.' என்று இரண்டெழுத்து சேர்த்தால் தீர்ந்தது. கம்பைலர் இதை எச்சரித்திருக்கும். எச்சரிக்கைகளை அணைத்து வைத்திருந்தால்தான் தெரியாமல் போகும். அந்த மில்லிஸ் எண்ணிக்கையே 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும் என்பதால் 'இப்போது பெரிதா, ஆரம்பம் கூட்டல் பொறுக்கும் நேரத்தைவிட' என்று எழுதக் கூடாது. 'இப்போது கழித்தல் ஆரம்பம்' என்று எழுதினால் திரும்பினாலும் கணக்குச் சரியாக வரும்.

இங்கே மறைமுகச் செலவு கருவிகளில். மல்டிமீட்டர், எஸ்.டி.எம்.32 என்றால் டீபக்கர், எரிந்துபோகும் இரண்டு மூன்று போர்டுகள். மேஜையில் ஓடிய போர்டு பேனலுக்குள் போனதும் கான்டாக்டர் விழும்போதெல்லாம் ரீசெட் ஆவது நிரலின் குற்றமாக இருக்காது, மின் இரைச்சல். காயிலுக்குக் குறுக்கே ஸ்னப்பர், தனி சப்ளை, வாட்ச்டாக் டைமர் என்று பாதி வேலை வன்பொருளில்தான் முடியும். மில்லில் ஓடும் பெரிய எந்திரங்களின் மூளை பெரும்பாலும் பி.எல்.சி. எனும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினி. அந்த வேலைக்குப் போக ஆசை என்றால் அதற்கு நிரல் எழுதும் லேடர் லாஜிக் படியுங்கள், இந்தக் கட்டுரையின் ஐந்து மொழிகளும் அங்கே இரண்டாம் பட்சம்.

பைத்தானுக்கும் சி-க்கும் பாலமாக ஈ.எஸ்.பி.32 போர்டில் மைக்ரோபைத்தான் (சின்ன போர்டுகளுக்கான பைத்தான்) ஓட்டலாம். மாதிரி செய்து காட்டுவதற்கு அது அருமை. ஆயிரம் எண்ணம் செய்து விற்கப் போகும்போது சிப் விலையில் குறையும் சில ரூபாய்களுக்காகச் சி க்கு இறங்க வேண்டிவரும்.

சி++ கணினிக்கு. கேட் மென்பொருள், விளையாட்டு எஞ்சின், கேமரா வைத்துத் துணியில் ஓட்டை கண்டுபிடிக்கும் எந்திரம். கடைசியதற்கு அவசரப்பட்டு மாற வேண்டாம். படங்களை ஆராயும் ஓபன்சிவி நூலகம் உள்ளுக்குள் சி++ தான், பைத்தானில் இருந்து கூப்பிட்டாலும் அதன் வேகம் குறையாது. நீங்களே ஒவ்வொரு புள்ளியாக லூப் போட்டிருந்தால் அந்த இடம்தான் நொண்டும். அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் சி++ இல் எழுதி, சி++ நிரலைப் பைத்தானோடு இணைக்கும் பைபைன்ட்11 வழியாக ஒட்டலாம்.

சி++ இன் அபாயம், தப்பு செய்தால் சொல்லாது. வெக்டரில் பத்து இடம் இருக்கப் பதினோராவதைத் தொட்டால் பக்கத்து வீட்டு நினைவகத்தைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். படிக்கும் காலம் முழுக்க, இப்படி எல்லை மீறுவதைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரையும் எல்லா எச்சரிக்கைகளையும் போட்டே கம்பைல் செய்யுங்கள். பிளஸ் ஒன் புத்தகத்துச் சி++ ஞாபகத்தில் இருப்பவர்கள் 2011, 2017 தரநிலைகளில் வந்ததைப் புதிதாகவே படிக்க வேண்டும். நினைவகத்தைத் தானே விடுவிக்கும் ஸ்மார்ட் பாயின்டர் தெரியாமல் இன்று எழுதுவது ஹெல்மெட் இல்லாமல் அவினாசி ரோட்டில் போவது.

## கோலாங்

கூகுளில் பிறந்து 2012-இல் 1.0 ஆனது. மொத்தமே 25 குறிச்சொற்கள். பைத்தானிலிருந்து வருகிறவருக்கு மிகச் சுளுவாக வசப்படும் மொழி இதுதான். இரண்டு வாரத்தில் சம்பளக் கணக்கு எழுதிவிடலாம்.

இதன் பலம் கொண்டுபோய்க் கொடுப்பதில். பைத்தான் நிரலை எக்ஸி ஃபைலாகக் கட்டிக் கொடுத்தால் ஆன்டிவைரஸ் அதை வைரஸ் என்று பிடித்துவைப்பது அடிக்கடி நடக்கும். கோலாங்கில் உங்கள் லினக்ஸ் லேப்டாப்பிலேயே இரண்டு அமைப்பை மாற்றினால் விண்டோஸுக்கான ஒரே ஃபைல் வந்துவிடும், பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் ஓடும். ஆன்டிவைரஸ் தொல்லை இங்கேயும் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், குறைவு. ஆபீஸில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கோலாங் 1.21 முதல் விண்டோஸ் 10 வேண்டும், 1.20 தான் பழையதில் ஓடும் கடைசிப் பதிப்பு. பைத்தானும் 3.8-ஓடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது.

பலவீனம், சத்தமில்லாத பூஜ்யம். ரேட் பட்டியலில் 'கைமடி' இருக்க, தரவில் 'கை மடி' என்று இடைவெளி விழுந்திருந்தால் ரேட் 0, கூலி 0. பைத்தான் கீ எரர் போட்டு நின்றிருக்கும். கோலாங்கில் மேப்பிடம் கேட்கும்போது 'இருக்கிறதா' என்ற இரண்டாவது பதிலையும் வாங்கிப் பார்ப்பதைக் கட்டாயப் பழக்கமாக்க வேண்டும். அதேபோல ஃபங்ஷன் திருப்பித் தரும் எரரைக் கீழ்க்கோடு (_) போட்டு ஒதுக்குவதும் கூடாது. எக்செலில் சேமித்த சி.எஸ்.வி. ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் இருக்கலாம், பைத்தானில் 'யுடிஎஃப்-8-சிக்' அதைச் சாப்பிட்டுவிடும், கோலாங்கிலும் ஜாவாவிலும் நாமே வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் முதல் நெடுவரிசையின் தலைப்பு எதனோடும் பொருந்தாது.

வேலைக் கணக்கில் பார்த்தால், புதியவரைக் கோலாங்குக்கென்றே எடுக்கும் இடங்கள் ஜாவா அளவுக்கு இல்லை. சொந்தமாக மென்பொருள் செய்து கொடுப்பவர், சர்வர் பராமரிப்புக்காரர், ஏற்கெனவே ஒரு வேலையில் இருப்பவர் ஆகியோருக்கு இது சரியான அடுத்த படி.

## ரஸ்ட்

2015-இல் 1.0. லினக்ஸ் கெர்னலுக்குள் 6.1 பதிப்பில் இடம்பிடித்தது. சி++ சொல்லாமல் விடும் தப்புகளில் பெரும்பகுதியைக் கம்பைலரே தடுத்துவிடும். அதற்குக் கூலி உங்கள் நேரம். ஒரு ஸ்ட்ரிங்கை ஃபங்ஷனுக்குக் கொடுத்துவிட்டுக் கீழே மறுபடி தொட்டால், 'அதுதான் கைமாறிவிட்டதே' என்று மறுக்கும். முதல் இரண்டு மாதம் தயங்காமல் குளோன் (தனி நகல்) போட்டு நகருங்கள், அழகு பிறகு பார்க்கலாம். பில்ட் மெதுவாக இருக்கும், ஒவ்வொரு புராஜெக்டின் டார்கெட் ஃபோல்டரும் ஜி.பி. கணக்கில் வீங்கும். பைத்தானிலிருந்து நேராக இங்கே குதிப்பவர்களில் பலர் மூன்றாம் வாரம் விடுவதற்குக் காரணம் ரஸ்ட் இல்லை. நினைவகம், பாயின்டர் என்ற அடித்தளமே இல்லாமல் வருவதுதான். இடையில் ஒரு மாதம் சி எழுதிவிட்டு வந்தால் கம்பைலர் எதற்காகத் திட்டுகிறது என்று புரியும்.

## டைப்ஸ்கிரிப்ட்

பிரவுசரில் ஓட வேண்டுமா, இதுதான், விவாதம் இல்லை. இது ஜாவாஸ்கிரிப்டோடு டைப் சேர்த்தது, எனவே ஜாவாஸ்கிரிப்டை மூன்று வாரம் பார்த்துவிட்டு ஏறுங்கள். டைப்புகள் கம்பைலோடு அழிந்துவிடும் என்பதால் வெளியிலிருந்து வரும் தரவை ஓடும்போதும் சரிபார்க்க வேண்டும்.

## மாறாமல் இருப்பது

இதையும் ஒரு தேர்வாக எடைபோட வேண்டும். 'பைத்தான் மெதுவாக ஓடுகிறது' என்று வருகிறவர்கள் எந்த இடத்தில் நேரம் போகிறது என்று காட்டும் சி-புரொஃபைலை முதலில் ஓட்டிப் பாருங்கள். சம்பள நிரலில் நேரம் தின்பது பெரும்பாலும் லூப்புக்குள் ஒவ்வொரு ஆளுக்கும் எக்செல் ஃபைலைத் திறந்து மூடுவதாக இருக்கும். அதை எந்த மொழியில் எழுதினாலும் மெதுவாகத்தான் ஓடும். பத்து லட்சம் எண்கள் உள்ள லிஸ்ட் பைத்தானில் சுமார் 36 எம்.பி. எடுக்கும், ஜாவாவின் இன்ட் அர்ரேயில் 4 எம்.பி. எண் கணக்குக்கான நம்பை நூலகத்தில் 32 பிட்டாக வைத்தால் பைத்தானிலும் அதே 4 தான்.

நிரல் பெரிதாகிக் கைமீறுவதுதான் பிரச்சினை என்றால் எந்த மாறியில் எந்த வகைத் தரவு என்று டைப் ஹின்ட் போட்டு, அதைச் சரிபார்க்கும் மைபை ஓட்டுங்கள். அடுத்து எந்த மொழிக்குப் போனாலும் டைப் பற்றிய பயம் பாதி இங்கேயே கழிந்திருக்கும். தரவு ஆய்வு, இயந்திரக் கற்றல் பக்கம் போகிறவர்கள் மொழி மாறுவதைவிட எஸ்.க்யூ.எல்.லை ஆழமாகப் படிப்பது மேல்.

## மாறுகிற முதல் மாதம்

எந்த மொழியை எடுத்தாலும் உங்கள் பழைய பைத்தான் நிரலைத் தூக்கிப்போடாதீர்கள், அதுதான் சரிபார்க்கும் ஆள். ஒரே தரவை இரண்டுக்கும் கொடுத்து வெளியீட்டை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தரவில் வேண்டுமென்றே கோளாறுகளை வையுங்கள். ரேட் இல்லாத ஒரு வேலை, ஒரு காலி வரி, டோக்கன் 128, நீளமான தமிழ்ப் பெயர், 3 கோடி ரூபாயைத் தாண்டும் மொத்தம், ரிட்டர்ன் வந்ததால் மைனஸில் போட்ட 7 பீஸ்.

அந்த -7 ஐ டஜனாகப் பிரித்தால் பைத்தானின் இரட்டைச் சாய்கோடு -1 டஜனும் மீதி 5-ம் என்னும். ஜாவா, சி, கோலாங், ரஸ்ட் நான்கும் 0 டஜன், மீதி -7 என்னும். லிஸ்ட் நகலும் இப்படித்தான். இரண்டாவது பெயர் வைத்தால் பைத்தானிலும் ஜாவாவிலும் அதே லிஸ்ட், சி++ வெக்டரில் தனி நகல், ரஸ்டில் பழைய பெயர் செல்லாது. கோலாங்கின் ஸ்லைஸ் (அதன் லிஸ்ட்) முதலில் ஒட்டிக்கொண்டிருக்கும், இடம் போதாமல் அப்பெண்ட் செய்யும்போது பிரிந்துவிடும். ஆளைக் குழப்புவதில் இதற்குத்தான் முதலிடம்.

வெளியீடு வேறுபட்டால் புது மொழிதான் தப்பு என்று முடிவுகட்டாதீர்கள். ரூபாய்க்கு முழுமையாக்கும் இடத்தைப் பாருங்கள். 342.50-ஐப் பைத்தானின் ரவுண்ட் 342 ஆக்கும், 343.50-ஐ 344 ஆக்கும். சரிபாதி வந்தால் இரட்டை எண் பக்கம் சாய்வது அதன் விதி. ஜாவாவின் மேத் ரவுண்ட் 342.50-ஐ 343 ஆக்கும். ஓவர்லாக் அடித்தவருக்கு ஒரு ரூபாய் குறைந்தது பழைய நிரலில்தான். பைசாவோடு 50 கூட்டி 100-ஆல் முழு எண்ணாக வகுத்தால், தொகை மைனஸில் இல்லாதவரை, இந்த ஐந்து மொழியிலும் ஒரே விடை வரும், ஆனால் அரை ரூபாய் யார் பக்கம் போக வேண்டும் என்பதை யூனிட் முதலாளியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.